ஜன்னலருகே நிற்கிறவர்

ஜூலை 9

அண்ணா,

போன் பண்ணலாம்தான். பண்ணினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம். போன தடவை வைத்தது நான். "அப்பா கம்பெனியை அம்போன்னு விட்டுட்டு, கம்பெனி நடத்துறது எப்படின்னு படிக்கப் போறியா" என்று கேட்டாயே, அதற்குத்தான். கடிதமென்றால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே எம்.பி.ஏ. என்றால் பாடப்புத்தகம் இல்லை, கேஸ்தான். ஏதோ ஒரு கம்பெனியில் உண்மையாகவே நடந்ததைப் பெயரையும் ஊரையும் மாற்றிப் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதித் தருவார்கள். கதை எப்போதும் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிடும். "நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி. மறுநாள் வகுப்பில் அதை வைத்துக்கொண்டு நாங்கள் ஆளாளுக்குக் கட்டிப் புரள வேண்டும். யாரோ ஒருவருடைய தலைவலியை நாங்கள் காசு கட்டி வாங்கிப் படிக்கிறோம் என்று அறைத்தோழி சொல்வாள்.

நேற்று இந்தப் பருவத்துக்கான கேஸ் கட்டைக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நடத்தப்போகும் ஒன்றைச் சும்மா புரட்டினேன். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனி. ஆரம்பித்தவர் மனைவியை இழந்தவர். மகன் கூடவே வேலை செய்கிறான், மகள் "வேறு துறையில்" இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக் குழு ஒன்று ஒப்பந்தம் தர முன்வருகிறது. வாங்கிக்கொண்டால் புது மெஷின் போட வேண்டும், இஸ்திரிக் கூடத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரையும் அனுப்ப வேண்டும். வேண்டாமென்றால் இருக்கிற வேலையும் கை நழுவிப் போகும். அவரிடம் யார் எது கேட்டாலும் "பார்ப்போம், பார்ப்போம்" என்பாராம்.

அப்பாவின் "பாப்போம், பாப்போம்" அண்ணா. செத்த பிறகு யாரோ அவருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "இயந்திரங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் வாசலைக் கடந்து போவதை நிறுவனர் மாடி அறையின் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும்."

அதற்குக் கீழே பொடி எழுத்தில், நிறுவனத்தின் அனுமதியுடன் வெளியிடப்படுகிறது என்று போட்டிருக்கிறது. நம் கம்பெனியில் அனுமதி கொடுக்க உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவை எதற்காக இவர்களிடம் கொடுத்தாய்?

தங்கை


ஜூலை 17

சுண்டெலிக்கு,

அனுமதி கொடுத்தது நான்தான். மறைக்கவில்லை, நீ கேட்கவில்லை.

அப்பா இருக்கும்போதே அந்தக் கேஸ் எழுதுகிற ஆள் நாலைந்து தடவை வந்து பேசிவிட்டுப் போனார். கடைசியாக வந்தது அந்தக் கடைசி வரியில் இருக்கிற அதே சாயங்காலம்தான். அவர் போன பிறகு அப்பா மாடியிலேயே இருந்துவிட்டார். நான் கீழே கணக்கை முடித்துவிட்டு "வரட்டுமாப்பா" என்று குரல் கொடுத்தேன். "நீ போ, வரேன்" என்றார். காலையில் கூட்டுகிற அம்மா கதவைத் திறந்தாள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

ஆறு மாதம் கழித்து அந்த ஆள் எழுதினதை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு வந்தார். முகத்தில் விட்டெறிய வேண்டும் என்றுதான் வாங்கினேன். படித்துக்கொண்டே போனேன். கடைசி வரிக்கு வந்தேன். நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி வரவில்லை, காலையில் கூட்டுகிற அம்மா வரவில்லை. யோசித்துப் பார், உலகத்தில் அந்த ஒரு தாளில்தான் அப்பா இன்னும் சாகவில்லை. வருஷா வருஷம் உன்னை மாதிரி அதிகப்பிரசங்கிகள் உட்கார்ந்து அவருக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்று அந்த ஆள் சொன்னார். உயிரோடு இருந்தபோது அவருக்காக யோசிக்க யார் இருந்தார்கள்? கையெழுத்துப் போட்டேன்.

நீ படிக்கிற இடத்துக்கே அது வந்து சேரும் என்று நான் கனவா கண்டேன்?

இங்கே எல்லாம் வழக்கம்போல. பாய்லர் மக்கர் பண்ணுகிறது. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்


ஜூலை 25

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது. அவர் சாகாமல் இருக்கிறார் என்கிறாய். சாகாமல் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நிற்கிறார். நாலு வருஷமாக அந்த ஜன்னலில் நிற்கவைத்துக் காலையில் பதில் சொல், காலையில் பதில் சொல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதற்குப் பெயர் உயிரோடு வைத்திருப்பதா?

இங்கே என் அறை ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்து மாடி தெரியும். சாயங்காலம் யாராவது அங்கே ஜன்னலருகே வந்து நின்றால் எனக்குப் படிப்பு ஓடுவதில்லை. யாரோ ஒரு மாணவன் காற்று வாங்குகிறான், அவ்வளவுதான். ஆனால் அவன் நகருகிற வரைக்கும் நானும் நகர முடிவதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அவர் என்ன முடிவெடுத்தார்? சரி என்று சொல்லப் போனாரா, வேண்டாம் என்றா? உன்னிடம் ஒரு வார்த்தைகூடவா சொல்லவில்லை? கேஸை முன்னும் பின்னுமாகப் படித்துவிட்டேன். எண்களுக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, தேவையில்லாத விவரங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, லாபநஷ்டம் போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்குப்படி வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா கணக்குத் தெரியாதவர் இல்லை. இஸ்திரிக் கூடத்து மேஸ்திரி அம்மா முகத்தைப் பார்த்து அவரால் சொல்லியிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அனுமதியைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறாயா?

தங்கை


ஆகஸ்ட் 3

சுண்டெலிக்கு,

திரும்ப வாங்குகிற யோசனை எனக்கில்லை. அவர் என்ன முடிவெடுத்தார் என்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கொள்முதல் அதிகாரி போன் பண்ணினபோது அண்ணிதான் எடுத்துச் சாவுச் செய்தி சொன்னாள். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதையும் முடிவு பண்ணவில்லை, அதுவாக நடந்துவிட்டது. கூடத்துப் பெண்களில் பாதிப் பேர் தாங்களாகவே நின்றுபோனார்கள். மீதிப் பேரை வைத்துக்கொண்டு நான் வண்டியை ஓட்டுகிறேன்.

நீ மேனேஜ்மென்ட் படிக்கிறவள்தானே, இதற்குப் பதில் சொல். அந்த வேறு ஆள் கடையை மூடிவிட்டான். அதே ஆஸ்பத்திரிக் குழு, அதே அதிகாரி, போன வாரம் வந்தார். இந்தத் தடவை ஊரில் இருக்கிற அவர்கள் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நாமே வெளுத்துத் தர வேண்டுமாம். புது மெஷின். இஸ்திரிக் கூடம் வேண்டாம். "மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, காலைல ஒம்பது மணிக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க தம்பி" என்றார். அப்பாவை சார் என்பார், என்னைத் தம்பி என்கிறார்.

மேஸ்திரி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை. தினமும் போகும்போது வாசலில் ஒரு நிமிஷம் நின்று மாடியைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

மாடி அறையில் விளக்கு எரிகிறது என்று கூடத்தில் பேசிக்கொள்கிறார்களாம். நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலும் நான்தான். கீழே சத்தத்தில் யோசனை ஓடவில்லை, அதனால் மேலே போய்விடுகிறேன். போனால் நேரம் போவது தெரிவதில்லை. அண்ணி சோறு ஆறிப் போகிறது என்று கத்துகிறாள். சாப்பிட்டாலும் நெஞ்சைக் கரிக்கிறது, இந்த வயதிலேயே வயிறு கிழவன் ஆகிவிட்டது. இழுப்பறையில் மாத்திரை வைத்திருக்கிறேன், போட்டால் அடங்கிவிடும்.

நீ அந்தக் கேஸில் என்ன பதில் எழுதப் போகிறாய் என்று எனக்கு எழுது. கேலிக்குச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே வேண்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணா,

இன்றைக்குத்தான் அந்த வகுப்பு. நடந்ததைச் சொல்கிறேன், முழுசாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

எங்கள் பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. கேஸில் முடிவெடுக்க வேண்டியவராக வகுப்பிலிருந்து ஒருவரை நியமிப்பார். மற்ற எல்லோரும் அவருக்கு யோசனை சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைப்பார். விரல் என் மேல் விழுந்தது. நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது.

எழுந்து போய் அவர் மேசைப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன். "உக்காராதீங்க. கேஸ்ல அவர் ஜன்னல்கிட்ட நிக்கிறார். போய் நில்லுங்க" என்றார். போய் நின்றேன்.

அண்ணா, என்னால் இதைச் சரியாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் வாங்கு என்கிறான். ஒருத்தி வாங்காதே என்கிறாள். நல்ல நல்ல யோசனை எல்லாம் வந்தது, தப்புச் சொல்ல மாட்டேன். கடன் வாங்கு, கூட்டாளி சேர், பெண்களுக்கு வேறு வேலை கற்றுக்கொடு. ஒருவன் "இவருக்குத் துணிச்சல் இல்ல, அதான் பிரச்சனையே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்தது. வகுப்பு முடிய இன்னும் பாதி நேரம் இருந்தது. உட்கார வேண்டும், உட்கார்ந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு எந்த யோசனையும் இல்லை. அப்பா என்ன முடிவெடுத்தார் என்று இத்தனை நாள் கேட்டேனே, அந்த இடத்தில் நின்று பார்த்தால் முடிவெடுக்கிற மாதிரி ஒன்றுமே தோன்றவில்லை. காலை மாற்றி மாற்றி நிற்கத்தான் தோன்றியது.

அப்போது முன்வரிசையில் ஒருத்தி, கேஸில் தேவையில்லாத விவரங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் விடை தெளிவாக இருக்கிறது என்றாள். எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது அது. உதாரணத்துக்கு ஒரு வரியைப் படித்தாள்: "பேச்சின் நடுவே நிறுவனர் நெஞ்செரிச்சல் என்று சொல்லி இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்." "இது எதுக்கு? கதைக்கு அழகா எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றாள்.

நானும் அந்த வரியைப் பென்சிலால் அடித்திருந்தேன். என் கையிலிருந்த தாளிலேயே அந்தக் கோடு இருந்தது. உன் போன கடிதமும் அந்தத் தாளோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன்.

அது நெஞ்செரிச்சல் இல்லை அண்ணா. அப்பாவுக்கு அது நெஞ்செரிச்சல் இல்லை. உனக்கும் அது வயிறு இல்லை. அவர் அறையில், அவர் நாற்காலியில், அதே ஆளுக்குப் பதில் சொல்ல, அதே இழுப்பறையில் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மாடியில் விளக்கு எரிகிறது என்று அந்தப் பெண்கள் சொன்னது சும்மா இல்லை. பெரும்பாலும் நான்தான் என்று எழுதினாயே, அதைப் படித்து நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நாளைக்கே டாக்டரிடம் போ. ஒப்பந்தம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

தங்கை


ஆகஸ்ட் 26

சுண்டெலிக்கு,

நீ படிப்பது மேனேஜ்மென்டா, டாக்டருக்கா? ஒரு மணி நேரம் ஜன்னலருகே நின்றதற்கு என்னைப் பாடையில் ஏற்றிவிட்டாய்.

நான் கேட்டது ஒரு பதில். வாங்குவதா வேண்டாமா? அதை மட்டும் நீ எழுதவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது. அது முடியட்டும், டாக்டரிடம் போகிறேன். அதற்கு முன்னால் போனால் அந்த ஆள் படு, இந்த டெஸ்ட் எடு, அந்த டெஸ்ட் எடு என்பான். ஒன்பது மணிக்குப் போனை எடுக்க இங்கே யார் இருக்கிறார்கள்?

அப்பாவும் இப்படித்தான் நினைத்திருப்பார் என்று எழுதத் தொடங்காதே. எனக்கே தெரிகிறது.

அண்ணன்


செப்டம்பர் 9

சுண்டெலிக்கு,

படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்துக் கோணல்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதின கையோடு தபாலில் சேர்த்துவிட்டு மாடி ஏறினேன். என் பதில் வராததால் நீ அண்ணிக்குப் போன் போட்டது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தபால்காரனைவிட வேகமாக வந்தாள். பைலை மூடினாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். நான் "வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை" என்று புலம்பிக்கொண்டே போனேனாம். மேஸ்திரி அம்மா ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என் கால் மடங்கினபோது அவள்தான் தாங்கிப் பிடித்தாளாம். இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாடியிலேயே இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், அண்ணி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

சரி, நீ சொன்னதுதான் சரி. ஒரு தடவைதான் சொல்வேன், இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

படுத்திருப்பது அவர்களுடைய ஆஸ்பத்திரி. விரிப்பில் நம் கம்பெனி முத்திரை, அந்த வேறு ஆள் மூடினதிலிருந்து இந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு நாம்தான் அவசரத்துக்கு வெளுத்துத் தருகிறோம். ஓரத்தில் சுருக்கம் போகவே இல்லை, இங்கிருந்து போனதும் யார் வேலை என்று பார்க்க வேண்டும்.

இப்போது சொல்லப் போவதை உட்கார்ந்து படி.

நாலாவது நாள் கொள்முதல் அதிகாரி பழப்பையோடு என்னைப் பார்க்க வந்தார். வெள்ளிக்கிழமை போனதே தெரியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணிக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றேன். அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அட, அதுக்கென்ன தம்பி. ஒரு தேதி சொல்லணுமேன்னு சொல்றதுதான். ரெண்டு மூணு மாசம் எடுத்துக்குங்க, ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார்.

பிறகு, "அப்பாகிட்ட சொன்னீங்களே, அந்த ஒம்பது மணி?" என்று கேட்டேன்.

"அதுவும் அப்படித்தான். சார் ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். ஒரு பழத்தை உரித்து எனக்குக் கொடுத்தார்.

அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நல்ல மனிதர். ஒரு தேதி சொல்ல வேண்டுமே என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கேட்கலாம் என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன் வகுப்பில் அத்தனை பேர் யோசனை சொன்னார்களே, அதில் யாராவது கேட்டார்களா?

அண்ணன்


செப்டம்பர் 18

அண்ணா,

யாரும் கேட்கவில்லை. ஒன்பது மணி என்று அச்சில் இருந்ததால் அதை யாரும் தொடவில்லை. நானும்தான்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்பது ஒரு பக்கம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரும் இருந்திருப்பார் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்து எப்படி நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பெரிய மனசு பண்ணி அந்த ஆள் மேல் கோபம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. அவருடைய பழத்தை நீ சாப்பிட்டிருக்கக் கூடாது.

பேராசிரியையிடம் போய் நான் யார் என்று சொல்லிவிட்டேன். என்னை நிற்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, தொழில் புத்தி போகுமா, மெதுவாக ஒன்று கேட்டார். கேஸ்களுக்குச் சில சமயம் இரண்டாம் பகுதி எழுதுவார்கள். முதல் பகுதியை விவாதித்து முடித்ததும் அதைப் படித்துக் காட்டுவார்கள், உண்மையில் என்ன நடந்தது என்று. அப்பா இறந்தது, அந்தத் தேதி வெறும் பேச்சுக்குச் சொன்னது, எல்லாவற்றையும் நான் எழுதித் தர முடியுமா என்கிறார். உன் கையெழுத்தும் வேண்டும்.

ஒரு மனது எழுதச் சொல்கிறது, ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் அதிர்ந்து போகட்டும் என்று. இன்னொரு மனது, வருஷா வருஷம் வகுப்பு முடியும்போது மணியடித்த மாதிரி அப்பா சாக வேண்டுமா என்கிறது. நீ சொல்.

தங்கை


அக்டோபர் 2

சுண்டெலிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி கம்பெனிக்குப் போக அரை நாள்தான் அனுமதி கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நீ உளவு சொல்கிறாய் என்பதும் தெரியும்.

ஒப்பந்தத்தை நானே தலையில் போட்டுக்கொள்ளவில்லை. இஸ்திரிக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சண்டை நடக்கிறது, நடக்கட்டும். மேஸ்திரி அம்மா, "இதை அன்னிக்கே ஐயா எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

இரண்டாம் பகுதி வேண்டாம். எனக்கு இஷ்டமில்லை. ஒரு தடவை செத்தது போதும். கதைக்கு வெளியே அவர் செத்ததை நீயும் நானும் வைத்துக்கொள்வோம், அது நம் வீட்டு விஷயம்.

ஆனால் உன் பேராசிரியையிடம் ஒன்று கேள். பெயரை மாற்றினார்கள், ஊரை மாற்றினார்கள், அவர் பேச்சைக்கூட மாற்றினார்கள். கடைசி வரியிலும் ஒன்றை மாற்றச் சொல். அதற்கு வேண்டுமானால் எத்தனை கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். அந்த ஜன்னலருகே ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொல். நீ ஒரு மணி நேரம் நின்று கால் வலி என்றாய். அவர் நாலு வருஷமாக நிற்கிறார்.

அண்ணன்


ஆகஸ்ட் 19

அண்ணா,

போன வாரம் போனில் பேசினோம், அதற்கு முந்தின வாரமும் பேசினோம், ஒருவரும் பாதியில் வைக்கவில்லை. இருந்தாலும் இதைக் கடிதமாகத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்றைக்கு இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேஸ் நடந்தது. பேராசிரியை என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தார். கடைசி வரி இப்போது இப்படி இருக்கிறது: "நிறுவனர் மாடி அறையின் ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்." ஒரு வார்த்தைதான் மாற்றம். இதனால் வகுப்பில் ஒன்றும் மாறாது என்று அவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

விரல் ஒரு பையன் மேல் விழுந்தது. அவன் போய் ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்தான். வாங்கு, வாங்காதே, கடன், கூட்டாளி. போன வருஷம் கேட்டது எல்லாம் அப்படியே திரும்ப வந்தது. நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில், அதுவரைக்கும் வாயைத் திறக்காத ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மேடம், இவர் எதுக்கு உக்காந்திருக்கார்?" என்று கேட்டாள். "எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. மெஷினும் நிறுத்தியாச்சு. இவர் மட்டும் ஏன் உக்காந்திருக்கார்? ரொம்பக் களைப்பா இருக்கார்போல. யாராவது மொதல்ல இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளியே வந்து, குழாயடியில் நின்று, முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணா, அரை நாள் கணக்கை மறந்து நீ சாயங்காலம் தாண்டியும் கம்பெனியிலேயே இருந்துவிடுகிறாய் என்று அண்ணி சொன்னாள். இதை நீ எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எழுந்து வீட்டுக்குப் போ.

தங்கை